மொத்தம் போடாத அட்டை



நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சேத்துப்பட்டில் பழைய பிளஸ் டூ பேட்ச் ஒன்று கூடியது. தலை நரைத்த பிள்ளைகள் என்னை நடுவில் உட்கார வைத்துப் பழைய கதை பேசினார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "சார், எங்க ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒரு அட்டை வெச்சிருப்பீங்களே, ஞாபகம் இருக்கா? அதுல பாடம் பாடமா மார்க் போடுவீங்க. கடைசியில மொத்தம் மட்டும் போடவே மாட்டீங்க. நாங்கதான் கூட்டிப் பார்த்துக்கணும். ஏன் சார் அப்படி?"

சிரித்து மழுப்பிவிட்டேன். பத்து பேர் முன்னால் சொல்ல முடியாத பதில் அது. இன்று அக்டோபர் 9. டெரிட்டோரியல் ஆர்மி தினம். இந்த நாளில் சொல்வதுதான் பொருத்தம் என்று எழுதுகிறேன்.

நான் சில வருடங்கள் டெரிட்டோரியல் ஆர்மியில் இருந்தேன் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். மாணவர்களில் பலருக்குத் தெரியாது. இளையவர்களுக்கு தோனி பெயரைச் சொன்னால் புரியும். 2011-ல் அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது இந்த ராணுவம்தான். 1948-ல் இதற்கான சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல், நம் ராஜாஜி. முழுநேர வேலையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. சொந்தமாக ஒரு தொழிலோ வேலையோ இருந்தால்தான் சேரவே முடியும். வருடத்தில் சில வாரங்கள் சீருடை போட்டுப் பயிற்சி. மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு. தேவை வந்தால் அரசு கூப்பிடும். 1962, 1965, 1971 போர்களில் கூப்பிட்டிருக்கிறது.

எங்கள் பிரிவில் பரோட்டா மாஸ்டர் இருந்தார், பஸ் கண்டக்டர் இருந்தார், கொத்தனார், தச்சர், விவசாயி எல்லோரும் இருந்தார்கள். வாத்தியார் நான் ஒருவன்தான். எந்தப் பிரிவு, எந்த ஊர் முகாம் என்று எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் தப்பு என்னுடையது. அதில் மற்றவர்களை இழுக்க விருப்பமில்லை.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் என்று தெரிந்ததும் என்னை வண்டி ஷெட்டில் போட்டார்கள். அங்கே பொறுப்பாளர் ஒரு ஹவில்தார். ரெகுலர் ஆர்மியிலிருந்து வந்தவர், நாகர்கோவில் பக்கம். வண்டிகளின் தினசரி ரெஜிஸ்டரை எழுதுவதும், பேட்டரி பார்ப்பதும் என் வேலை.

பேட்டரி என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இப்படி வருடத்தில் சில வாரம் மட்டும் கூடும் படைக்கு, உலகத்தில் எந்த நாடாக இருந்தாலும், அதுதான் பெரிய தலைவலி. தினமும் ஓடும் வண்டியில் என்ஜினே பேட்டரியை சார்ஜ் செய்துகொள்ளும். இங்கே வண்டிகள் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் பேட்டரி சும்மா இருப்பதில்லை. தானாகவே இறங்கிக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த இறக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நம் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கறுப்புப் பெட்டி பேட்டரிகளில் ஈயத் தகட்டில் ஆண்டிமனி கலந்திருக்கும். வெயில் காலத்தில் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் பாதிக்கு இறங்கிவிடக் கூடும்.

இறங்கியதை மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். நான் போர்டில் எழுதிப் போட்ட சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? பேட்டரி இறங்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து பழையபடி ஈயமும் அமிலமுமாகிவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் அந்தப் பொடி கெட்டியான படிகமாகி இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகத் திரும்பாது. 1859-ல் பிரான்ஸ் நாட்டு பிளான்டே இந்த ஈய-அமில பேட்டரியைக் கண்டுபிடித்தார். அன்று தொடங்கிய வியாதி இன்றும் இருக்கிறது.

இனி அந்த ராத்திரி.

1988 நவம்பர். நம் ஊர் அப்போது வடாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். வருடாந்திர முகாம். ஐப்பசி அடைமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. முகாமில் நோயாளியை ஏற்றிப்போக ஒரு பழைய மூன்று டன் டீசல் லாரியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ராணுவத்துப் பெரிய வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். இதற்கும் அப்படித்தான்.

அன்று காலை பேட்டரி பார்த்தேன். முறைப்படி பார்ப்பதென்றால் இரண்டு பேட்டரியிலும் ஆறு ஆறு என்று பன்னிரண்டு மூடியைத் திறந்து, ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டு கிராவிட்டி பார்த்து எழுத வேண்டும். மழை வேறு. முந்தின வாரம்தான் ஆசிட் தெறித்து என் காக்கிச் சட்டையில் சல்லடை மாதிரி ஓட்டை விழுந்திருந்தது. எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. சொந்தக் காசில் வாங்கிய மல்டிமீட்டர் கையில் இருந்தது. படித்தவன் அல்லவா! வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தியிருந்தார்கள். மீட்டரின் ஒரு முனையை முதல் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். முள் 25 பக்கத்தில் போய் நின்றது. 24 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருக்கிறது, அப்புறம் என்ன? ரெஜிஸ்டரில் 'பேட்டரி ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் கூச்சல். ஒரு கொத்தனார்ப் பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு, கூடாரத்துக்குப் பின்னால் போனவனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே. தூக்கி வந்து லாரியில் ஏற்றினோம். டிரைவர் சாவி திருப்பினார். செல்ஃப் 'டக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடி 'டக்'. டேஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது.

இருபது பேர் சேர்ந்து தள்ளினோம். மூன்று டன் லாரி, முழங்கால் சேறு. சக்கரம் அரை அடி நகர்ந்து பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. கடைசியில் ஷெட்டில் நின்ற வேறொரு வண்டியிலிருந்து இரண்டு பேட்டரியையும் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் சுமந்து வந்து மாட்டினார் ஹவில்தார். டார்ச் பிடித்தவன் நான். என் கை நடுங்கியதில் வெளிச்சமும் ஆடியது. "நேரா பிடி மக்கா" என்றார், அவ்வளவுதான். வண்டி கிளம்பும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆனால் கடிபட்ட இடத்தில் சதை அழுகி, புண் ஆற ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவன் சாரம் ஏறவில்லை. கொத்தனாருக்கு ஐந்து மாதக் கூலி என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்பது நிமிடம்தான் காரணமா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மறுநாள் காலை ஹவில்தார் அந்த இரண்டு பேட்டரியையும் ஒரு பலகைமேல் வைத்தார். ஹைட்ரோமீட்டரை என் கையில் கொடுத்தார். "ஒவ்வொண்ணா பாத்து சத்தமா வாசியும் வாத்தியாரே" என்றார். முதல் பேட்டரி: ஆறு செல்லும் 1250. நல்ல பேட்டரி. இரண்டாவது: 1190, 1190, 1190, 1190, 1190. ஆறாவது செல்லில் மிதவை இன்னும் ஆழமாகப் போனது. 1130.

பிசிக்ஸ் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட் ஏறத்தாழ வந்துவிடும். நல்ல பேட்டரிக்கு 12.5. கெட்டதற்கு 12.1. கூட்டினால் 24.6. சற்று முன்தான் வண்டி ஓடி நின்றதால் தகட்டின் மேற்பரப்பில் மட்டும் ஏறியிருந்த கொஞ்சம் சார்ஜையும் சேர்த்தால், என் மீட்டர் காட்டிய 25. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன், மொத்தத்தைச் சொன்னது. சுமை இல்லாமல் கேட்டேன், சுமை இல்லாதபோது இருக்கும் தெம்பைக் காட்டியது. ராத்திரி ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுத்தபோது அந்த ஆறாவது செல் முதலில் சரிந்தது. வரிசை இணைப்பில் எல்லா மின்சாரமும் எல்லாச் செல் வழியாகவும்தான் போயாக வேண்டும். ஒன்று படுத்தால் மற்ற பதினொன்றும் நன்றாக இருந்து பயனில்லை. இதை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன்!

இரண்டும் ஒரே நாளில் வாங்கிய பேட்டரி. ஒன்று மட்டும் ஏன் இறங்கியது? ஹவில்தார் வண்டிக்கடியில் புகுந்து ஒரு மெல்லிய வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். யாரோ கேபினில் 12 வோல்ட் பல்பு போட, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுத்திருக்கிறார்கள். அந்த ஒன்று மட்டும் இரண்டு வேலை செய்தது. சார்ஜ் மட்டும் இருவருக்கும் சமமாகவே வந்தது. ஒன்று பட்டினி, இன்னொன்றுக்கு அஜீரணம். யார் அந்த லைனைப் போட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. ரெஜிஸ்டரைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டவும் இல்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே அவரும் நானும் உட்கார்ந்து ஒரு முறையை உருவாக்கினோம். பெரிய பணம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு பேட்டரிக்கும் பெயின்டில் ஒரு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஆறு கட்டம், ஆறு செல்லுக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிராவிட்டி. மொத்தம், சராசரி எதற்கும் கட்டம் கிடையாது. ஒரு செல் மற்றவற்றைவிட 50 புள்ளி குறைந்தால் அந்தப் பேட்டரி தனியாக வெளியே வரும்.

ஜோடியாக இருப்பதில் ஒன்றிலிருந்து மட்டும் யாரும் லைன் எடுக்கக் கூடாது. மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுசும் பழசும் சேர்த்தால் பழசு புதுசையும் கெடுக்கும்.

முகாம் முடிந்து வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான அறையில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அந்த அறையில் பீடி கூடாது. கழற்ற வசதியில்லாத வண்டிக்கு நெகட்டிவ் வயரையாவது எடுத்துவிட வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது பராமரிப்பு ஆகாது. ஸ்டார்ட் செய்ய எடுத்ததையும், தானாக இறங்கியதையும் திருப்பிக் கொடுக்க அந்த ஐந்து நிமிடம் போதாது. ஓட்டினால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும்.

பேட்டரி மேல் படியும் ஆசிட் கலந்த தூசு ஈரமானால் அதன் வழியாகவே மின்சாரம் கசியும். ஆகவே மேல்பக்கம் எப்போதும் துடைத்து உலர்வாக. டெர்மினலில் பூத்திருந்தால் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவ வேண்டும். செல்லுக்குள் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது.

கடைசி விதியை நான் எழுதினேன். அளந்தவர் அளவை எழுத வேண்டும். 'ஓகே' என்று எழுதக் கூடாது.

இன்றைக்கு இதற்கு இன்னும் வசதிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் நேஷனல் கார்டு என்று நம்முடையது போலவே ஒரு படை. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி. அங்கும் இதே வியாதிதான். நிற்கும் வண்டியின்மேல் சின்ன சூரியத் தகடு வைத்து, இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருக்கும் கருவிகள் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தகடும் தூசு படிந்தால் வேலை செய்யாது. அதையும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்துகொண்டிருந்தார். மழையில் குழித்தறியில் ஈரம் ஊறி, இரண்டு நாளாகத் தறி ஓடவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "தினம் காத்தால தறியில உக்காந்ததும் பாவ விரலால தடவிப் பாக்கறனே, அது எதுக்குன்னு நெனச்ச? தூரத்துல நின்னு பாத்தா பாவு எப்பவும் நல்லாத்தாண்டா இருக்கும்" என்றார். அறுந்த ஒரு இழையைக் கவனிக்காமல் நெய்தால் புடவை முழுக்கக் கோடு விழும். எத்தனையோ வருடம் அதே வீட்டில் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஜனவரியில் பள்ளியில் அரையாண்டு மதிப்பெண் பட்டியல் போட்டேன். என் பாடத்தில் வகுப்புத் தேர்ச்சி நன்றாக இருந்தது. தலைமையாசிரியர் பாராட்டினார். பேனாவை மூடப்போனேன். 25 காட்டிய முள் ஞாபகம் வந்தது. பட்டியலை மறுபடி விரித்துப் பாடம் பாடமாகப் பார்த்தேன். 150-க்கு 80 வாங்கிய பிள்ளைகள் சிலர் மின்னியலில் ஒரு மதிப்பெண்கூட வாங்கவில்லை. ஒளியியலில் வாங்கியது அதை மூடியிருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் ஒவ்வொரு தேர்விலும் ஐந்து ஐந்தாக இறங்கிக்கொண்டே வந்திருந்தாள். வகுப்புச் சராசரி இறங்கவில்லை என்பதால் நான் பார்க்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் அம்மாவுக்கு முடியவில்லை. விடியற்காலையும் ராத்திரியும் தார் சுற்றுவது அவள்தான், தம்பி தங்கைகளுக்குச் சோறாக்குவதும் அவள்தான். ஒரே பேட்டரியிலிருந்து இரண்டு லைன்.

அந்த வாரமே வெள்ளை அட்டை வாங்கி வெட்டினேன். ஆளுக்கு ஒன்று. பாடத்துக்கு ஒரு கட்டம். மொத்தம் போட இடம் விடவில்லை. ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை. கேட்ட பெண்ணுக்கு இதுதாம்மா பதில்.

அந்தக் கொத்தனார்ப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த வருடம் அவன் வரவில்லை. அதற்கடுத்த முகாமுக்கு வந்தான். ஒரு சாயங்காலம் பேட்டரி அறைப் பக்கம் வந்து, நான் கிராவிட்டி பார்ப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "தம்பி, அன்னிக்குக் காலையில அந்த வண்டிய பாத்து ஓகேன்னு எழுதினது நான்தான்."

"தெரியும் வாத்தியாரே. ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்துதான இருந்துச்சு" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "இப்ப அந்த வண்டி எடுக்குதா?" என்று கேட்டான்.

"எடுக்குது."

"அப்ப சரி." ஹைட்ரோமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். அந்த முகாம் முடியும்வரை மாலையில் வந்து எனக்கு அட்டை எழுதிக்கொடுத்தான். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

இன்னும் சில நாளில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன், வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் சும்மா நிற்கும் வண்டி எது? டிரஸ்ட் ஆம்புலன்ஸா, கோயில் ஜெனரேட்டரா, அப்பா ஓட்டாமல் விட்ட ஸ்கூட்டரா? வீட்டு இன்வெர்ட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வண்டி நின்று சில மணி நேரம் கழித்து அளவு எடுங்கள். 12.6 நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் அன்றைக்கே சார்ஜுக்குப் போக வேண்டும். பிறகு ஹெட்லைட்டைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். முள் சரசரவென்று இறங்கினால் பேட்டரிக் கடையில் கொடுத்து லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடி திறக்கும் வகை என்றால் ஒவ்வொரு செல்லாகக் கிராவிட்டி கேளுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்த பிறகு கமென்ட்டில் 'ஓகே சார்' என்று போடாதீர்கள். அளவை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்,
சேத்துப்பட்டு